ஆவியைக் கூப்பிட்டால் வந்துவிடுகிறது, என் கொலை மர்மக் கதை எடுபடவில்லை

என் கற்பனை உலகில் மந்திரவாதி அழைத்தால் செத்தவர் வந்து பேசுவார். கொன்றது யார் என்று அவரையே கேட்டுவிடலாமே? அழைப்பையே தடை செய்துவிடவா?

பதில் 1: தடை வேண்டாம், விலை வையுங்கள். ஓர் அழைப்புக்கு 3 கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் ஆவியிடமிருந்து ஒரு நாள் நினைவு அழியும், கடைசி நாளிலிருந்து பின்னோக்கி. "வலித்ததா?" என்று மனைவி முதலில் கேட்டுவிட்டால் கொலையாளியின் முகம் போச்சு.

பதில் 2: ஆவிகளின் கூட்டத்தையும் கணக்குப் போடுங்கள். ஊரில் வருஷத்துக்கு 1,000 சாவு, ஆவி கரைய 7 வருஷம் என்றால் அங்கே எப்போதும் சுமார் 7,000 ஆவிகள். கெடுவே இல்லையென்றால் எல்லா நூற்றாண்டு ரகசியமும் கேட்டால் கிடைக்கும். அப்புறம் சரித்திர ஆசிரியருக்கு என்ன வேலை?

பதில் 3: இந்த விதிகளைக் கதையின் முதல் கால்பகுதியிலேயே, சம்பந்தமில்லாத ஒரு சாவில் காட்டிவிடுங்கள். கடைசியில் சொன்னால் சமாளிப்பு மாதிரி இருக்கும்.