மழை பிடித்ததிலிருந்து பையன் தூங்குவதே இல்லை

புலியூர் அம்மா, கடலூர்:
வணக்கம். நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது. ஆடி, ஆவணியில் பள்ளி விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுத் தெருவுக்கு ஓடுவான். ஒன்பது மணிக்குச் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தலை சாய்ந்துவிடும். ஐப்பசி அடைமழை பிடித்ததிலிருந்து எல்லாம் தலைகீழ். தெருவில் கணுக்கால் தண்ணீர். கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பிறகு கைபேசி. இரவு 11 மணிக்கும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். காலை 7.30 ஆட்டோவுக்கு எழுப்புவதற்குள் அவனும் அழுகிறான், நானும் அழுதுவிடுகிறேன். சித்திரை வெயிலிலும் இதே கதைதான். ஒன்பதுக்கே விளக்கை அணைத்துக் கட்டாயமாகப் படுக்க வைக்கலாமா?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், முத்தியால்பேட்டை:
அம்மா, விளக்கை அணைத்தால் மட்டும் தூக்கம் வராது. உடம்பு அலுத்திருக்க வேண்டும். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குளிர்நாட்டுப் பிள்ளைகள் பனிக்காலத்தில் முடங்குவார்கள். நம் கரையில் முடக்கம் ஆண்டுக்கு இரண்டு முறை: கத்திரி வெயிலில் ஒன்று, வடகிழக்குப் பருவமழையில் ஒன்று. தை பிறந்து மைதானம் காய்ந்த முதல் வாரத்தில், பிள்ளைகள் ஒரு சுற்று ஓடுவதற்குள் இளைத்து நிற்பதை ஆண்டுதோறும் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பொழுதும் குறுகிவிடுகிறது. ஜூன் கடைசியில் சூரியன் மறைய மாலை 6.35 தாண்டும், கார்த்திகையில் 5.40 அளவிலேயே மறைந்துவிடும். வந்ததும் வீட்டுப்பாடம் என்று உட்கார வைத்தால் வெளிச்சம் போயே போய்விடும். மழை விட்ட நாளில் முதலில் விளையாட்டு, பிறகு பாடம். விடாத நாளில் கூடத்தில் கயிறு தாண்டட்டும். கிணற்றுக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு என் பேத்திக்குக் கொடுத்தேன். முதல் நாள் எட்டுத் தாண்டுவதற்குள் காலில் சிக்கியது. மாதம் முடிவதற்குள் 100 தாண்டி, நெற்றி முடி வேர்வையில் ஒட்ட வந்து நின்றாள். அன்று அவளைத் தூங்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேவனாம்பட்டினம் பாட்டி:
மகளே, வெயில் காலத்தில் பகல் மூன்று மணிக்கு மேல் தூங்க விடாதே. காலை ஆறு மணிக்கே வெள்ளி கடற்கரைக்கு அழைத்துப் போ. மணலில் அரை மணி நேரம் ஓடினால் கெண்டைக்கால் சொல்லும். மாலையில் மொட்டைமாடியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்று. தரை சுர்ரென்று குடித்துவிடும். எட்டு மணிக்குப் பாய் விரித்தால் சுடாது. கொசுவலை மட்டும் மறக்காதே.

செவிலியர், நெல்லித்தோப்பு:
இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு சற்றுத் தணிய வேண்டும். கடலோரப் புழுக்கத்தில் வேர்வை உலராததால் அது தாமதமாகும். வெதுவெதுப்பான நீரில் குளிக்க வையுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசியை வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் மூக்கடைத்துத் தினமும் குறட்டை விட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புலியூர் அம்மா, கடலூர்:
ஐயா, துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நேற்று வெட்டிவிட்டேன். 14 தாண்டினான். சத்தம் கேட்டு வந்த கீழ்வீட்டு அத்தையையும் எண்ண வைத்தான். 9.40க்குத் தூங்கிவிட்டான். இன்று மழை விட்டிருக்கிறது. வீட்டுப்பாட நோட்டு பைக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் இருவரும் தெருவில் நிற்கிறோம்.