இரண்டாவது கோரைச் சேர்த்ததும் கர்னல் உறைகிறது: டீஎல்பி நீக்கத்தில் உதவி தேவை

வணக்கம். சி மொழியில் நான் எழுதிவரும் 64 பிட் எக்ஸ்86 கர்னலில் (இயக்குதளத்தின் மையப்பகுதி), மெய்நிகர் நினைவகத்தை விடுவிக்கும் பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட கோர்கள் (செயலியின் கருக்கள்) இயங்கும்போது மட்டும் உறைந்துவிடுகிறது. பேஜ் (நினைவகத் துண்டு) அளவு 4 கேபி, மெய்நிகர் முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்ற நான்கு மட்டப் பேஜ் டேபிள். ஹட்டனில் அடைமழைக்கு மின்சாரம் போய்ப் போய் வருவதால் எல்லாவற்றையும் மடிக்கணினியில், கியூஎமு எமுலேட்டரில்தான் சோதிக்கிறேன்.

ஒரே கோரில் எந்தக் குறையும் இல்லை. தை மாதம் இரண்டாவது கோரைச் சேர்த்ததும், விடுவிக்கப்பட்ட பேஜில் அது பழைய டீஎல்பி (முகவரி மாற்றங்களை ஒவ்வொரு கோரும் நினைவில் வைக்கும் தற்காலிகச் சேமிப்பு) பதிவை நம்பித் தொடர்ந்து எழுத, அதே பிரேமைப் (அந்தப் பேஜுக்குரிய பௌதிக நினைவகத் துண்டு) புதிதாகப் பெற்றிருந்த வேறொரு பட்டியல் சிதைந்தது. டீஎல்பியைக் காலியாக்க, பேஜ் டேபிளின் முகவரியை வைத்திருக்கும் சிஆர்3 ரெஜிஸ்டரை மீண்டும் ஏற்றிப் பார்த்தேன். கர்னல் பேஜ்கள் குளோபல் (சிஆர்3ஐ ஏற்றினாலும் டீஎல்பியில் நீங்காதவை) என்று குறிக்கப்பட்டிருப்பதால் அது பயன்படவில்லை. பிறகு, இன்வெல்பிஜி (ஒரு பேஜின் டீஎல்பி பதிவை நீக்கும் கட்டளை) செய்யும்படி மற்றக் கோருக்கு ஐபிஐ (ஒரு கோர் இன்னொன்றுக்கு அனுப்பும் இன்டரப்ட்) அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்குமாறு மாற்றினேன். உறைவு அதன் பின்னர்தான் தொடங்கியது.

ஜிடிபி பிழைதிருத்தியில் பார்த்தால், முதல் கோர் பேஜ் டேபிள் லொக்கைப் (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) பிடித்தபடி பதிலுக்காக நிற்கிறது. இரண்டாவதோ இன்டரப்டை அணைத்துவிட்டு அதே லொக்குக்காகச் சுழல்கிறது, ஆகவே ஐபிஐயை அது ஏற்பதே இல்லை. லொக்கை முன்கூட்டியே விட்டால் உறைவு நீங்குகிறது, ஆனால் பதில் வருமுன் பிரேம் கைமாறிப் பழைய சிதைவு திரும்புகிறது. இன்டரப்டைத் திறந்து வைத்துச் சுழலவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்டரப்ட் ஹேண்ட்லரும் அதே லொக்கைக் கேட்கிறது.

லொக்கை விட்டபின், எல்லாக் கோர்களும் பதிலளிக்கும்வரை பிரேமையும் அதன் முகவரி வரம்பையும் தனிப்பட்டியலில் நிறுத்திவைத்தால் போதுமா?