வசந்தத்திற்கு முன் பழைய கம்பளியைக் கழுவுவதா, நூற்பதா?

கேள்வி — பனிப்பட்டி

வணக்கம். எங்களிடம் உள்ள ஆறு பெட்டைச் செம்மறிகளும் சினையாக இருக்கின்றன. பனி உருகத் தொடங்கும் வேளையில் குட்டி போட்டுவிடும். சென்ற முறை கத்தரித்த உரோமம் முழுவதும் இன்னும் கழுவப்படாமல், துணிப்பைகளில் கட்டப்பட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. குட்டிகளும் தோட்ட வேலையும் வந்துவிட்டால் அடுத்த குளிர்காலம் வரை இராட்டையின் அருகில் அமரவே நேரம் கிடைக்காது என்பதால், எஞ்சியிருக்கும் வாரங்களை எப்படிச் செலவிடுவது என்று கேட்க விரும்புகிறேன். ஓர் ஆட்டின் உரோமத்தைக் கழுவி, வாரி, நூற்று முடித்த பிறகு அடுத்ததை எடுப்பது ஒரு வழி. நூற்பதை ஒத்திவைத்து, எல்லாவற்றையும் முதலில் கழுவி முடிப்பது மற்றொரு வழி. கொழுப்போடு அப்படியே நூற்றுவிட்டுப் பின்னர் நூலைக் கழுவலாம் என்றும் சிலர் கூறுகிறார்கள். வெளியே உலர்த்த இயலாது. வீட்டுக்குள் ஒரே ஒரு விறகடுப்புதான் இருக்கிறது. ஈற்றுக்கு முன்பே மீண்டும் கத்தரிப்பது நல்லதா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி — சிட்டம்

கழுவுவதை முதலில் முடியுங்கள். கழுவிய கம்பளி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும், கழுவாதது காத்திருக்காது. நாளாக ஆக அதிலுள்ள லனோலின் என்ற உரோமக் கொழுப்பு இறுகி, மயிரோடு ஒட்டி, மஞ்சள் நிறமும் ஏறிவிடும். வியர்வையும் அழுக்கும் படிந்த கம்பளியையே அந்துப்பூச்சியின் புழுக்களும் விரும்பித் தின்னும். கொட்டகைக் குளிரில் அவை செத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். குளிர் விட்டதும் மறுபடி தின்னத் தொடங்கும். ஐயமுள்ள பையை உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துவிட்டுப் பிரிப்பது பாதுகாப்பானது.

ஆனால் ஆறையும் கழுவியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் ஒவ்வொன்றையும் தரையில் விரித்து, சாணம் ஒட்டிய ஓரங்கள், வயிற்றுப் பகுதி, வைக்கோல் துரும்பு நிறைந்த கழுத்துப் பகுதி ஆகியவற்றைத் தயங்காமல் ஒதுக்குங்கள். பிறகு ஒரு சிறு கற்றையை எடுத்து, இரு முனைகளையும் பிடித்துக் காதருகில் சுண்டி இழுத்துப் பாருங்கள். வலுவுள்ள மயிர் தெளிவாக ஒலிக்கும். பலவீனமானது நறநறவென்று ஓரிடத்தில் அறுபடும். நடுவில் அறுபடும் உரோமத்தை எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் வாரும்போது துண்டு துண்டாகி முடிச்சுகளாகத்தான் வரும். அதற்காக ஒரு மாலைப்பொழுதைக்கூட நான் செலவிடமாட்டேன்.

கழுவும் முறையில் வெப்பம்தான் முக்கியம். லனோலின் ஏறத்தாழ 40 டிகிரியில் உருகும். எனவே தண்ணீர் 60 டிகிரி அளவில் இருக்க வேண்டும், 45 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கம்பளியை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரைந்த கொழுப்பு மீண்டும் மயிரிலேயே படிந்து பிசுபிசுக்கும். பாத்திரம் கழுவும் சோப்புநீர் போதும். காரம் மிகுந்த சலவைத் தூள் மயிரைக் கெடுக்கும். ஊறவைத்து எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள். தேய்ப்பதும், குழாயை நேராகக் கம்பளியின் மேல் திறந்துவிடுவதும், சூட்டிலிருந்து திடீரென்று குளிர்ந்த நீருக்கு மாற்றுவதும் மயிரின் செதில்களை ஒன்றோடொன்று பூட்டிச் சிக்கவைத்துவிடும். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். தண்ணீரைச் சலவை இயந்திரத்தின் பிழியும் சுழற்சியில் மட்டும் எடுத்துவிட்டு, வலைத்தட்டில் மெல்லிதாகப் பரப்பி, அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்த்துங்கள். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தொட்டால் தெரியாதபடி வைத்துக்கொள்ளும் என்பதால், உலர்ந்துவிட்டது போலத் தோன்றிய பிறகும் கூடுதலாக ஒரு நாள் விட்டு மூட்டை கட்டுங்கள்.

மறுமொழி — தக்கிளிக்காரர்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. எல்லாவற்றையும் கழுவி முடிக்கும் வரை இராட்டையைத் தொடாமல் இருப்பது குளிர்காலத்தின் இன்பத்தையே இழப்பதாகும். முதல் தட்டு உலர்ந்ததும் அதிலிருந்து கொஞ்சம் வாரிப் பட்டைகளாக உருட்டி, நூற்று, இரு புரியாக முறுக்கி, சிட்டமாக, அதாவது தளர்ந்த நூல் வளையமாகச் சுற்றி, வெந்நீரில் ஊறவைத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். முறுக்கு படிந்த பிறகுதான் நூலின் உண்மையான தடிமனும் மென்மையும் தெரியும். அந்த உரோமம் மேலாடைக்கு ஆகுமா, காலுறைக்கு ஆகுமா, பாய் நெய்வதற்குத்தான் ஆகுமா என்பதை அந்தச் சிறு சிட்டமே சொல்லிவிடும். மற்றப் பைகளுக்கு எவ்வளவு உழைப்புத் தகும் என்பதும் அப்போது விளங்கும்.

கொழுப்போடு நூற்பது அப்போதுதான் கத்தரித்த, சுத்தமான உரோமத்துக்குப் பொருந்தும். கொழுப்பு இளகியிருந்தால் நூல் கையில் வழுக்கிக்கொண்டு அழகாக வரும். உங்களுடையது பழையது, வீடும் குளிர்ந்தது; இழுக்கும்போது விரலில் ஒட்டி, நூல் தடித்தும் மெலிந்தும் வரும். வாரும் பலகைகளின் கம்பிப் பற்களிலும் அந்தப் பிசுக்கு ஏறிவிடும். வேண்டாம்.

மறுமொழி — மந்தைக்காரர்

கத்தரிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பு கத்தரிப்பதில் பயன் உண்டு: குட்டி மடியை எளிதில் கண்டுகொள்ளும், தாய் ஆடு நன்றாகத் தின்னும், தானே குளிரை உணர்வதால் குட்டியோடு மறைவிடத்தைத் தேடிப் போகும். ஈற்றின் களைப்பால் மயிரில் உண்டாகும் பலவீனமும் கற்றையின் நடுவில் விழாமல் முனையில் விழும். முதல் மறுமொழியில் சொன்ன நடு அறுபடலுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆயினும் காற்றுப் புகாத கொட்டகையும் போதிய வைக்கோலும் கூடுதல் தீவனமும் இல்லாமல் பனியில் இதைச் செய்யக் கூடாது. கத்தரிக்கும் கருவியில், அடியில் சிறிது மயிரை விட்டுவைக்கும் சீப்பைப் பயன்படுத்த வேண்டும். நாள் நெருங்கிவிட்டது என்றால் முழுக் கத்தரிப்பை விட்டுவிட்டு, மடியைச் சுற்றியும் வாலடியிலும் மட்டும் ஒட்ட நறுக்குங்கள். சினை ஆட்டைப் புரட்டிப் போட்டு அலைக்கழிப்பது அந்தக் கடைசி வாரங்களில் ஆபத்தானது.

கேள்வி கேட்டவர் — பனிப்பட்டி

மிக்க நன்றி. நாளைக்கே பைகளைப் பிரித்துச் சுண்டிப் பார்க்கப் போகிறேன். கத்தரிப்பை ஈற்றுக்குப் பின் வைத்துக்கொள்கிறேன், கொட்டகையின் ஒரு பக்கம் இன்னும் காற்று வருகிறது. கழுவிய நீரையும் ஒதுக்கிய மயிரையும் என்ன செய்வது?

மறுமொழி — சிட்டம்

முதல் ஊறல் நீரை வீட்டுக் கழிவுக்குழாயில் ஊற்றாதீர்கள். ஆறியதும் கொழுப்பு உறைந்து அடைத்துவிடும். சோப்பில்லாமல் ஊறவைத்த நீராக இருந்தால், ஆட்டின் வியர்வை உப்பில் சாம்பல் சத்து நிறைய இருப்பதால், நீர்க்கச் செய்து தோட்டத்தில் ஊற்றலாம். மண் உறைந்திருக்கும் வரை வாளியில் மூடி வையுங்கள், வாடை கடுமையாக இருக்கும். சாண மயிரைப் பழமரங்களின் அடியில் தடிமனாகப் பரப்பி, மேலே சிறிது மண் தூவுங்கள். ஈரத்தைக் காத்துக்கொண்டு மெல்ல மட்கித் தழைச்சத்தை விடும். பறவைகள் கூட்டுக்காக இழுத்துக்கொண்டு போவதால் மண் தூவுவதை மட்டும் மறக்க வேண்டாம்.