ஒளிப்படக் கோப்புக்குள்ளேயே தமிழ் விவரங்களைப் பதிப்பது எப்படி?

நீர்முள்ளி, கும்பகோணம்:
எங்கள் பகுதியின் பழைய மதகுகள், படித்துறைகள், கோயில் குளங்கள் ஆகியவற்றைப் படமெடுத்தும், பெரியவர்களிடமிருந்து பெற்ற பழைய படங்களை ஸ்கேன் செய்தும் ஓர் ஆவணத் தொகுப்பை உருவாக்கி வருகிறோம். எந்த ஊர், எந்த வாய்க்கால், யார் எடுத்த படம் என்ற விவரங்களெல்லாம் தனியே ஓர் எக்செல் அட்டவணையில் உள்ளன. படங்கள் பல கை மாறிக் கோப்பின் பெயரும் மாறிவிட்டால், எந்தப் படத்துக்கு எந்த விவரம் என்பது தெரியாமல் போகிறது. விவரங்களைப் படக் கோப்பின் உள்ளேயே எழுதிவைக்க இயலுமா? தமிழ் எழுத்துகள் சிதையாமல் இருக்குமா? படத்தின் தரம் குறையுமா?

குடமுருட்டி, திருவையாறு:
தாராளமாக எழுதலாம். ஜேபெக் கோப்பில் விவரங்களுக்கென்று தனிப் பகுதிகள் உண்டு. அவற்றில் எழுதும்போது படத்தின் தரவு தொடப்படுவதில்லை என்பதால் தரம் குறையாது.

தமிழைப் பொறுத்தவரை, எந்தப் பகுதியில் எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். கேமரா தானே எழுதும் எக்சிஃப் பகுதியின் விளக்கப் புலம் (விளக்கம் எழுதுவதற்கான கட்டம்) ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. 2023இல் வந்த 3.0 பதிப்பில்தான், எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடு குறியேற்றமான யூடிஎஃப்-8 முறையாக இடம்பெற்றது. செய்தி நிறுவனங்களுக்காக உருவான பழைய ஐபிடிசி பகுதியில் வேறொரு தொல்லை உண்டு. அதில் ஊர்ப் பெயருக்கு 32 பைட் மட்டுமே இடம். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும்; துணைக்குறியும் புள்ளியும்கூடத் தனிக் குறியீடுகளே, ‘கு’ என்பது இரண்டு குறியீடுகள். ஆகவே 30 பைட் ஆகும் ‘கும்பகோணம்’ அடங்கிவிடும்; 33 பைட் ஆகும் ‘மயிலாடுதுறை’ அடங்காது, கடைசி எழுத்து உடைந்துவிடும். 39 பைட் கேட்கும் நாகப்பட்டினத்தைச் சொல்லவே வேண்டாம்.

எனவே அடோபி நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி பகுதியில் எழுதுங்கள். அது யூனிகோடை அடிப்படையாகக் கொண்டது. புலத்துக்குப் புலம் இத்தகைய குறுகிய வரம்பு அதில் கிடையாது. தலைப்பையும் விளக்கத்தையும் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மொழிக் குறியுடன் அருகருகே வைக்கவும் அது இடம் தருகிறது.

உங்கள் அட்டவணையும் வீணாகாது. எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள், சிஎஸ்வி வடிவில் (காற்புள்ளியால் பிரித்த எளிய உரையாக) சேமித்த அட்டவணையைப் படித்து, ‘SourceFile’ என்று தலைப்பிட்ட நிரலில் உள்ள கோப்புப் பெயரைக் கொண்டு அந்தந்தப் படத்தில் விவரங்களை ஒரே கட்டளையில் எழுதிவிடும்; மூலக் கோப்பின் பிரதி ஒன்றையும் தானே வைத்துக்கொள்ளும். முதலில் நாலைந்து படங்களில் செய்து பார்த்துவிட்டு முழுத் தொகுப்புக்குப் போங்கள்.

வெண்ணாற்றங்கரை, தஞ்சாவூர்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. பகிரும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே எழுதியவை நீக்கப்பட்டுவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

கோயில்களையும் படமெடுக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜர் திருமேனி 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிவருவதற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய படம் சான்றாக உதவியது. எந்தக் கோயிலில் எப்போது எடுத்த படம் என்ற குறிப்பு உடன் இருந்தால்தான் ஒரு படம் அத்தகைய சான்றாக நிற்க முடியும். அதே சமயம், கைப்பேசி பதிக்கும் இருப்பிட ஆயத்தொலைவுகளைக் காவலில்லாத சிற்றூர்க் கோயில்களின் செப்புத் திருமேனிப் படங்களோடு பொதுவெளியில் விடுவது ஆபத்தானது. மூலக் கோப்பில் அவை இருக்கட்டும். வெளியிடும் பிரதியில் நீக்கிவிடுங்கள்.

நீர்முள்ளி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்கேன் செய்த படங்களில் பலவற்றுக்கு எடுக்கப்பட்ட ஆண்டு மட்டுமே தெரியும். தேதிப் புலத்தில் என்ன எழுதுவது?

குடமுருட்டி:
எக்சிஃப் முழுத் தேதியை எதிர்பார்க்கும். தெரியாத மாதத்தையும் நாளையும் இட்டு நிரப்பாதீர்கள். எக்ஸ்எம்பியின் தேதிப் புலம் ‘1974’ என்று ஆண்டை மட்டும் எழுதினாலும் ஏற்கும். ஸ்கேன் செய்த நாளை, மின்னுருவாக்கிய தேதிக்கென்று உள்ள தனிப் புலத்தில் எழுதுங்கள். ஆண்டை யார் சொல்லி அறிந்தீர்கள் என்பதை விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.