4294967297 பகா எண்ணா இல்லையா? என் ப்ரோகிராம்ல 1னு வருது

அரியர்_மன்னன்:
ஒரு டவுட்டு. க்ளாஸ்ல ஃபெர்மா எண்கள் (2^(2^n) + 1, n = 0, 1, 2னு போட்டா வர்றது) எடுத்தாங்க, 3, 5, 17, 257, 65537 அஞ்சும் பகா எண், அடுத்தது 2^32 + 1 அதாவது 4294967297, அதுவும் பகா எண்தான்னு ஃபெர்மா 1640லயே நம்பினாராம். செக் பண்ணிருவோம்னு சி லாங்குவேஜ்ல நாலு வரி எழுதி நம்பரை அப்படியே போட்டு ஓட்டுனேன், "பகா எண் இல்லை"ன்னு வந்துச்சு, ஆஹா ஃபெர்மாவையே மடக்கிட்டோம்டான்னு குஷில நம்பரை பிரின்ட் பண்ணிப் பாத்தா வெறும் 1னு இருக்கு. இப்ப விடை சரியா தப்பா?

ராத்திரி_கோடர்:
விடை சரி, வந்த வழி தப்பு 😂 அன்சைன்ட் இன்ட் (மைனஸ் இல்லாத 32 பிட் முழு எண் டைப்) போட்டிருப்ப. 32 பிட்ல 4294967295 வரைக்கும்தான் இடம், தாண்டுனா 0, அப்புறம் 1, பழைய ஸ்கூட்டர் மீட்டர் ஒரு ரவுண்டு அடிச்சு சைபருக்கு வர்ற கதைதான். 64 பிட் இருக்கற அன்சைன்ட் லாங் லாங்னு மாத்து.

கணக்குப்பைத்தியம்:
இதுக்கு கம்ப்யூட்டரே வேணாம் தம்பி. ஆய்லர் 1732லயே உடைச்சுட்டார், 641 × 6700417. கண்ணுல பட்டதையெல்லாம் போட்டு வகுக்க வேண்டியதில்ல, இதோட பகா காரணி எதுவா இருந்தாலும் 128ஆல வகுத்தா மீதி 1 வந்தாகணும் (ஆய்லர் 64 வரைக்கும் சொன்னார், 128 பின்னாடி லூக்காஸ் சொன்னது). அப்போ வரிசையா 129, 257, 385, 513, 641. இதுல 129, 385, 513 பகா எண்ணே இல்ல. 257 இன்னொரு ஃபெர்மா எண், ரெண்டு ஃபெர்மா எண்ணுக்கு 1ஐ தவிர பொதுக்காரணி இருக்கவே இருக்காது, அதுவும் அவுட்டு. முதல்ல வகுத்துப் பாக்க வேண்டியதே 641தான்!

வகுக்கவும் சோம்பேறித்தனமா இருந்தா இதப் பாரு. 641 = 5 × 128 + 1, அதனால 641ஐ வச்சு மீதி பாத்தா 5 × 2^7ங்கறது -1. நாலாம் படி எடு, 5^4 × 2^28 = 1. ஆனா 641 = 625 + 16, அதாவது 5^4ங்கறது -2^4. உள்ள போடு, -2^32 = 1, அதாவது 2^32 + 1க்கு மீதி 0. எனக்கு இத மொத தடவ பாத்தப்ப அன்னிக்கு தூக்கமே வரல.

அரியர்_மன்னன்:
அண்ணா செம. ஆனா அந்த 6700417 இன்னும் உடையாதுன்னு எப்படி சொல்றது?

கணக்குப்பைத்தியம்:
அதே 128 ரூல்தான். வர்க்கமூலம் 2588க்கு கொஞ்சம் மேல, அதுக்குள்ள தேறுறது 641, 769, 1153, 1409 நாலே நாலு. நோட்ல போட்டுப் பாத்துட்டு வா.

ராத்திரி_கோடர்:
65537க்கு அப்புறம் இன்னிவரைக்கும் ஒரு ஃபெர்மா பகா எண் கூட சிக்கலங்கறதையும் சொல்லுங்க, 2^32ல இடறி விழுந்தது மனுஷன் பாவம்.

அரியர்_மன்னன்:
போட்டாச்சு. மீதி 44, 120, 334, 622. 1153ல மட்டும் கடன் வாங்க மறந்து ரெண்டு தடவ அடிச்சு எழுதினேன். எதுலயும் 0 வரலண்ணா.