பனையைப் போல் என்று சொன்ன அட்டை

பேராவூரணிக்காரன்:

காலம் தலைகீழாக மாறியபோது கடவுளை எப்படி நம்பினீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடுகிற ஆள் நான். இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. வேதாரண்யம் பக்கம்தானே என்று முந்தின ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தோம். கொஞ்ச நேரத்தில் ஓடு பறக்க ஆரம்பித்தது. அப்புறம் தோப்பிலிருந்து மரம் முறிகிற சத்தம். இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழோடு விட்டுவிட்டேன்.

ஒன்றரை ஏக்கரில் 104 தென்னை. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் வைத்தவை. விடிந்து போய்ப் பார்த்தால் ஒன்பது நிற்கிறது. மற்றதெல்லாம் யாரோ தலை வாரிவிட்ட மாதிரி ஒரே திசையில் கிடந்தது. இளநீர், குரும்பை, காய்ந்த நெற்று எல்லாம் கலந்து காலடியில் உருண்டன. முறிந்த குருத்திலிருந்து பச்சையாக, இனிப்பாக ஒரு வாசம். அந்த வாரம் முழுக்க வீட்டில் தென்னங்குருத்துதான் சாப்பாடு. இப்போதும் திருவிழாக் கடையில் குருத்து விற்றால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. ஆள் வைத்து அறுத்து இழுத்துப்போட்ட செலவுக்கே அதில் பெரும்பகுதி போய்விட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மட்டும் நிறைய. "ஆண்டவர் ஏதோ நன்மைக்குத்தான் செஞ்சிருப்பார் தம்பி" என்று ஒருவர் சொன்னார். அவருக்குத் தோப்பு கிடையாது. ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பினேன். மனசுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

நாற்பத்தைந்தாம் நாள் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. அம்மாவுக்காகத்தான் போனேன். ஜெபம் முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் இருக்கும். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எனக்கு வந்தது 92ஆம் சங்கீதம்: "நீதிமான் பனையைப்போல் செழித்து..." அதற்கு மேல் படிக்கவில்லை. சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வீடு திரும்பும்போது அம்மாவிடம் அட்டையைக் கொடுத்து, "பாத்தியா, நம்மள கிண்டல் பண்றாரு" என்றேன். அம்மா தெருவிளக்குக்குக் கீழே நின்று எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். அப்புறம் சொன்னார்: "பனையைப் போலன்னுதானடா போட்டிருக்கு. தென்னையைப் போலன்னு போடலியே."

என் மனைவி சிரித்துவிட்டாள். புயலுக்குப் பிறகு வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மறுநாள் காலையில் தோப்புக்குப் போனபோதுதான் கவனித்தேன். கிழக்கு வரப்பில் இரண்டு பனை உண்டு, யாரும் நட்டதில்லை, தானாக முளைத்தவை. இரண்டும் நின்றன. மட்டை கொஞ்சம் கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

இதை அற்புதம் என்று சொல்லமாட்டேன். பனை காற்றைத் தாங்கும், தென்னை தாங்காது, ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் கோபமும் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் நான் ஜெபம் பண்ணவே இல்லை. கோவிலுக்குப் போவேன், பாட்டு வரும்போது வாயை அசைப்பேன்.

2019 ஐப்பசி மழை விழுந்ததும் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நெட்டைக் கன்றுகள் கொண்டுவந்தோம். மூன்றடிக்கு மூன்றடி குழி, குழிக்குக் குழி இருபத்தைந்தடி. நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அம்மாவுக்கு அப்போது வயது 76. யாருக்காக வைக்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பேசிக்கொள்ளவில்லை. நான் மண்ணைத் தள்ள, அம்மா குனிந்து கன்றைச் சுற்றிக் காலால் மிதித்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும், "ஆண்டவரே, இது ஒன்னு... ஆண்டவரே, இது ரெண்டு." கணக்கு ஒப்படைக்கிற மாதிரி. நாற்பதுக்கு மேல் அவருக்கு மூச்சு வாங்கியது. அதற்கப்புறம் நான் சொல்ல ஆரம்பித்தேன். "ஆண்டவரே, இது நாப்பத்தொன்னு." ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் ஆண்டவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆவணியில் அம்மா வரப்பில் விழுந்த பனம்பழங்களைப் பொறுக்கிக் கொட்டைகளைப் பாத்தி போட்டுப் புதைத்திருந்தார். 2020 ஜனவரியில் சபையில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடுவார்கள். புயலுக்கு முன்னால் நாங்கள் இரண்டு குலை தேங்காய் வைப்போம். அந்த வருஷம் பனங்கிழங்கு, ஒரு கட்டு, இருபத்தைந்து. ஏலத்தில் அம்பதில் ஆரம்பித்தது. தேங்காய் வியாபாரி ஒருவர், அவரும் கடனில் இருந்தவர்தான், முந்நூறுக்கு எடுத்தார். எடுத்ததை அப்படியே திருப்பி வைத்து, "மறுபடி கூறுங்க" என்றார். மூன்று தடவை ஏலம் போனது அந்தக் கட்டு. கடைசியில் ஆயர் வீட்டில் அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஒரத்தநாட்டு மருமகள்:

எங்கள் வீட்டிலும் அதே புயல்தான் அண்ணா. நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள். தோப்பு போனதும் எனக்கு வந்த கோபத்தில் பூஜை அறைப் பக்கமே போகமாட்டேன் என்று இருந்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கரண்ட் வரவே இருபது நாளைக்கு மேல் ஆனது. மெழுகுவத்தி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்குகிற விலையில் இல்லை. வீட்டில் எரியக்கூடிய பொருள் என்று மிஞ்சியது சாமி அறைக் காமாட்சி விளக்குதான். அதை எடுத்து வந்து அடுப்படியில் ஏற்றினேன். "வெளிச்சத்துக்குத்தான் ஏத்துறேன், வேற எதுக்கும் இல்ல" என்று அந்தக் காமாட்சியிடமே சொல்லிவிட்டுத்தான் ஏற்றினேன்.

பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் சாப்பிட்டார்கள், வீட்டுப்பாடம் எழுதினார்கள். அப்புறம் ஒருநாள் மத்தியானம் கரண்ட் வந்துவிட்டது, ஊரே கத்தியது. அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, கை தானாகத் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "அதான் கரண்டு இருக்கே" என்றார். கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. விளக்கு திரும்ப சாமி அறைக்குப் போய்விட்டது. கோபம் எப்போது போனது என்று கேட்டால் நாள் சொல்லத் தெரியாது.

திருப்பூர்வாசி:

இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அண்ணனும் கன்று வைத்தார். விழுந்த மரங்களை அள்ள வசதியில்லாமல் தோப்பிலேயே மக்க விட்டதில் காண்டாமிருக வண்டு பெருகி, கன்றுகளின் குருத்தைத் துளைத்துவிட்டது. கடன் கழுத்தை நெரிக்க, நிலத்தை விற்றுவிட்டு இங்கே பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டார். தினமும் ஜெபித்த மனிதர். அவர் நம்பிக்கை உங்கள் அம்மா நம்பிக்கையைவிட எதில் குறைந்தது? அதற்கு யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

பேராவூரணிக்காரன்:

தம்பி, என்னிடமும் பதில் இல்லை. உங்கள் அண்ணன் நம்பிக்கை எதிலும் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. எங்கள் கன்றிலும் இருபத்திரண்டு வண்டுக்குப் போனது. அம்மா 2022இல் போய்ச் சேர்ந்தார், ஒரு பாளையைக்கூடப் பார்க்கவில்லை.

வரப்போரக் கன்று ஒன்றில் போன மாதம்தான் முதல் பாளை வெடித்தது. குரும்பை பாதி கொட்டிவிட்டது, முதல் பாளை அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று நிற்கிறது. அம்மா பாணியில் எண்ணினேன்.

அண்ணன் மறுபடி எங்காவது நாலு கன்று வைத்தால் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து குருத்துக்குப் பக்கத்து மட்டை இடுக்குகளில் போடச் சொல்லுங்கள். மட்கிய தண்டு பக்கத்தில் இருந்தால் முதலில் அதை எரித்துவிட வேண்டும். கன்று வேண்டுமென்றால் என்னிடம் நாற்று இருக்கிறது, காசு வேண்டாம், வண்டி மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.