வேர்ட்பிரஸ் தளத்தில சைட்மேப் எங்க இருக்கு?

கேள்வி: வெள்ளவத்தைப் புடவைக்கடை ஒண்டின்ர தளம், வேர்ட்பிரஸ். சைட்மேப்பை (தளத்துப் பக்க முகவரிகளின்ர பட்டியல்) கூகுளின்ர சேர்ச் கொன்சோல்ல குடுத்தா 404, அதாவது பக்கம் இல்லை எண்டு காட்டுது. சரியான முகவரி எது?

பதில் 1: தளப் பெயருக்குப் பின்னால ரோபோட்ஸ் டொட் டிஎக்ஸ்டி போட்டுப் பாருங்கோ, சைட்மேப் முகவரி அநேகமா அதிலயே இருக்கும். 5.5 பதிப்பில இருந்து பிளகின் (கூடுதல் செருகுநிரல்) இல்லாட்டியும் டபிள்யூபி-சைட்மேப் டொட் எக்ஸ்எம்எல் தானா வரும். வராட்டி செட்டிங்ஸ், ரீடிங் பக்கத்தில தேடுபொறியைத் தடுக்கிற பெட்டியில டிக் கிடக்கலாம். அது கிடந்தா சைட்மேப்பே உருவாகாது.

பதில் 2: டிக்கை எடுத்தும் 404 எண்டா, செட்டிங்ஸில பெர்மாலிங்க்ஸ் (பக்க முகவரி அமைப்பு) பக்கத்தில ஒண்டையும் மாத்தாம ஒருக்கா சேவ் பண்ணுங்கோ.

பதில் 3: ஒரு சைட்மேப் கோப்புக்கு 50,000 முகவரி எல்லை, கடைக்குத் தாராளம். பக்கத்தின்ர முக்கியத்துவத்தைச் சொல்லுற பிரயோரிட்டியில மினக்கெடாதீங்கோ, கூகுள் அதைக் கணக்கெடுக்கிறதில்லை. லாஸ்ட்மொட் திகதி, அதாவது பக்கத்தைக் கடைசியா மாத்தின நாள், உண்மையா இருக்கோணும். அழிச்ச புடவைப் பக்கங்கள், நோஇண்டெக்ஸ் (தேடலில காட்டாத எண்டு குறிச்ச) பக்கங்கள் சைட்மேப்புக்குள்ள கிடந்தா எடுத்துவிடுங்கோ.